ஹெப்பட்டோஃபியூகல்: கல்லீரல்விலகு ஓட்டம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், தம் டாப்ளர் ஸ்கேன் (இரத்தம் ஓடும் திசையை ஒலியலைகளால் காட்டும் பரிசோதனை) அறிக்கையில் ‘ஹெப்பட்டோஃபியூகல்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, “இதுக்கு என்னப்பா அர்த்தம்?” என்று கேட்டார். அவருடைய நோயின் நிலையே அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

‘ஹெப்பார்’ என்பது கல்லீரலுக்கான கிரேக்கச் சொல். ‘ஃபுகெரே’ என்ற இலத்தீன் வினைக்கு ஓடிப்போதல் என்று பொருள். இரண்டும் சேர்ந்து, கல்லீரலை விட்டு விலகிச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறிக்கும். இதன் எதிர்ச்சொல் ‘ஹெப்பட்டோபெட்டல்’. அதிலுள்ள ‘பெட்டெரே’ நாடிச் செல்லுதலைக் குறிக்கும்.

கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழக் கால் பங்கைத் தமனியும், குடலிலும் மண்ணீரலிலும் இருந்து திரண்ட முக்கால் பங்கை வாயிற்சிரையும் கொண்டுவருகின்றன. இயல்பான நிலையில் வாயிற்சிரையின் ஓட்டம் கல்லீரலை நோக்கியே இருக்கும். சிரோசிஸ் நோயால் கல்லீரல் தழும்பேறி இறுகும்போது, உள்ளே தடை கூடி, ஓட்டம் மந்தமாகி, சிலருக்கு முற்றிய நிலையில் திசையே திரும்பி, இரத்தம் உணவுக்குழாய்ப் பக்கமும் மண்ணீரல் பக்கமும் உள்ள கிளைவழிகளைத் தேடிக்கொள்கிறது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போது கழிமுக நீர் உள்நோக்கித் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; அங்கே ஓதம் வடிந்ததும் நீர் பழைய திசைக்கு வந்துவிடும், இங்கே தடை நீங்காதவரை வராது.

டாப்ளர் திரையில் பொதுவாகக் கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பாகவும் விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படும். வலப்பக்க விலா எலும்புகளுக்கிடையே கருவியை வைத்துப் பார்க்கையில், சிவப்பாகத் தெரிய வேண்டிய வாயிற்சிரை நீலமாகத் தெரிந்தால் ஓட்டம் திரும்பியிருக்கிறது என்று கொள்வார்கள். நிறம் திசையை மட்டுமே சொல்கிறது. சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று பலர் அஞ்சுவது தவறு.

தமிழில் இதைப் ‘பின்னோட்டம்’ என்றால் எதற்குப் பின் என்பது தெரிவதில்லை. இதே இரு இலத்தீன் வினைகளிலிருந்து பிறந்த இயற்பியல் சொற்களை நம் பள்ளிப் பாடநூல்கள் ‘மையநோக்கு விசை’, ‘மையவிலக்கு விசை’ என்று முன்பே தமிழாக்கிவிட்டன. அவ்வழியே ‘கல்லீரல்நோக்கு ஓட்டம்’, ‘கல்லீரல்விலகு ஓட்டம்’ என்பவையே பொருந்தும். ‘விலக்கு’ பிறவினை, இங்கே இரத்தம் எதையும் விலக்குவதில்லை, தானே விலகுகிறது. ஆகவே ‘விலகு’ என்றே எழுத வேண்டும்.

பெரியவரின் அறிக்கையை மேலும் படித்தபோது, வாயிற்சிரையின் வலக் கிளையில் மட்டும் ஓட்டம் மூச்சுக்கேற்ப முன்னும் பின்னும் அசைவதாக இருந்தது. அந்த இடைநிலைக்கு ‘இருதிசை ஓட்டம்’ என்று சொன்னேன். அதற்குமேல் அவர் விளக்கம் கேட்கவில்லை.