ஆட்டுக்குள் ஒளிந்திருந்த கிரேக்கச் சொல்

பைபிளின் ஆதியாகமத்தில் ஒரு காட்சி: மகன் ஈசாக்கைப் பலியிடும்படி கடவுள் ஆபிரகாமிடம் சொல்லியிருக்கிறார், மகனுக்கு அது தெரியாது; விறகும் நெருப்பும் கத்தியுமாக அப்பாவும் மகனும் மலையேறுகிறார்கள். "பலிக்கு ஆடு எங்கே?" என்று ஈசாக்கு கேட்கிறான். ஆபிரகாம் சொல்லும் பதில், எபிரேய மூலத்தின் வரிசைப்படியே: தேவன், பார்த்துக்கொள்வார், தமக்கு, ஆடு, தகனபலிக்கு, என் மகனே.

கடைசி மூன்று சொற்களைக் கொஞ்சம் கவனியுங்கள்: 'ஹசே லெஓலா பெனி'. பழைய எபிரேய ஏடுகளில் காற்புள்ளி, அரைப்புள்ளி எதுவும் இல்லை. 'பெனி' என்பது 'என் மகனே' என்ற விளியாகவும் இருக்கலாம், வெறும் 'என் மகன்' ஆகவும் இருக்கலாம். அப்போது 'பலிக்கான ஆடு, என் மகன்' என்றாகிவிடுகிறது. தமிழ் பைபிள் வாசகருக்கு இது தட்டுப்படாது. 'என் மகனே' அங்கே முன்னால் போய்விட்டது.

சரி, இதுவரை ஒரே மொழிக்குள் நடக்கும் சிலேடை. யூத மத அறிஞர்களான ரபீக்கள் இன்னொரு படி போனார்கள். எபிரேயத்தில் 'சே' என்றால் ஆடு; கிரேக்கத்தில் 'சே' என்றால் 'உன்னை'. அவர்களுடைய விளக்கக் கதைகளான மித்ராஷில் ஒன்று இந்த 'சே'யைக் கிரேக்கமாகவே கேட்கிறது: பலி நீதான், மகனே. அப்பா பொய்யும் சொல்லவில்லை, உண்மையை உடைக்கவும் இல்லை. மகனுக்குப் புரிந்ததா? அடுத்த வரியில் 'இருவரும் கூடிப்போனார்கள்' என்று வருகிறது. ஒருவர் கட்ட, ஒருவர் கட்டப்பட, தெரிந்தேதான் போனார்கள் என்கிறது மித்ராஷ்.

ஆபிரகாமுக்கு ஏது கிரேக்கம் என்று கேட்கலாம். இந்த விளக்கத்தைக் காதால் கேட்ட யூதர்களுக்குத் தெரிந்திருந்ததே! கி.மு. 332-இல் அலெக்சாந்தர் வந்தபின் யூதர்களின் மண்ணில் எபிரேயம், அரமேயம், கிரேக்கம் மூன்றும் புழங்கின. இன்றைய வட இஸ்ரேலில் உள்ள பெத் ஷெயாரிம் கல்லறைகளில் ரபீக்களைப் புதைத்த இடத்திலேயே பெரும்பாலான கல்வெட்டுகள் கிரேக்கம்தான்.

உயிரெழுத்துக் குறி இல்லாத எபிரேய எழுத்துமுறையும் இந்தச் சிலேடைகளுக்குக் கைகொடுத்தது. யூதர்களின் கூடாரப் பண்டிகைக்கு 'ஹதார்' மரத்தின் கனி வேண்டும் என்கிறது பைபிளின் லேவியராகமம். 'ஹதார்' என்றால் அழகு. பென் அஸ்ஸாய் என்ற யூத அறிஞர் அதை 'இதோர்' என்று படிக்கச் சொன்னார், கிரேக்கத்தில் தண்ணீர். எந்தத் தண்ணீரிலும் வளரும் மரம் எது? கடாரங்காய்க்கு உறவான எத்ரோக். உயிரொலியை மாற்றினார், சட்டம் கிடைத்தது. எனக்கு இது கொஞ்சம் வலிந்து இழுத்ததாகத்தான் படுகிறது.

பத்துக் கட்டளைகளின் முதல் சொல்லான 'அனோகி' (நான்) விஷயம் வேறு. அதை எகிப்தியச் சொல் என்றார் ரபீ நெகெமியா. சிறைப்பட்டு அயல்மொழி பழகிப்போன மகனிடம், மீட்க வந்த அரசன் அந்த மொழியிலேயே பேசுவதுபோல, எகிப்திலிருந்து வந்தவர்களிடம் கடவுள் பேசினாராம். எபிரேயம் அதைக் கடன் வாங்கவில்லை. ஆனால் பிற்கால எகிப்திய மொழியான காப்டிக்கில் 'நான்' என்பதற்கு 'அனோக்' என்றுதான் சொன்னார்கள். இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்து உறவுகள்.