கட்அவுட் போடுவதற்கு முன்: அந்தப் புகை எங்கே போகிறது?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், காரின் எக்ஸோஸ்ட் (புகைக் குழாய்) வேலை பார்க்கும் பட்டறை எங்களுடையது. மஸ்டாங், சுப்ரா, ஜிஆர்86, நிசான் 370ஸெட் என்று ஸ்போர்ட்ஸ் காரோடு வரும் தம்பிமாரில் நிறையப் பேர் எலக்ட்ரிக் கட்அவுட், அதாவது சைலன்சருக்கு முன்னாலேயே புகையை வெளியே விடும் வால்வு வேண்டும் என்றுதான் வருகிறார்கள். "அண்ணே, சுவிட்சைத் தட்டினா சத்தம், திரும்பத் தட்டினா அமைதி. அது போதும்." எவ்வளவு சத்தம் வரும், எத்தனை குதிரைத்திறன் கூடும், எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். வால்வு திறந்தால் அந்தப் புகை காரின் எந்த இடத்தில் வெளியே வரும் என்று கேட்பவர் மட்டும் அபூர்வம். நான் முதலில் பேசுவது அதைப் பற்றித்தான். சத்தமும் சம்மனும் அதற்கு அடுத்ததுதான்.

சாமான் எளிமையானது. எஞ்சினிலிருந்து வரும் குழாயில், சைலன்சருக்கு முன்னால், ஒய் வடிவத்தில் ஒரு கிளையை வெட்டி வெல்டிங் செய்கிறோம். கிளையின் வாயில் வட்டமான ஒரு தகடு. 12 வோல்ட் மோட்டார் ஒன்று அதைத் திருப்பும். மூடியிருந்தால் புகை வழக்கமான பாதையில் போகும். திறந்தால், சைலன்சர் வழியாகப் போகாமல் அங்கேயே கொட்டிவிடும். இரட்டைக் குழாய் உள்ள V8 (எட்டு சிலிண்டர்) காருக்கு இரண்டு வேண்டும். அமெரிக்காவில் டிராக் ரேஸ் ஓட்டியவர்கள் ஸ்பேனர் வைத்து மூடியைக் கழற்றிச் செய்த வேலையை இப்போது மோட்டார் செய்கிறது, அவ்வளவுதான்.

கார் கம்பெனிக்காரன் புகைக் குழாயைப் பின் பம்பர் வரை இழுத்துக்கொண்டு போவது அழகுக்காக இல்லை. பெட்ரோல் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. எஞ்சினை ஒட்டியிருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதில் பெரும்பகுதியைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றிவிடும். ஆனால் கன்வெர்ட்டர் சுமார் 250, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களிலும், முழு ஆக்சிலரேட்டரில் எஞ்சின் அதிகப் பெட்ரோல் குடிக்கும்போதும் நச்சு வாயு வெளியே வரத்தான் செய்யும். அதனால்தான் மீதி வருவதைக் காருக்குப் பின்னால் கொண்டுபோய் விடுகிறார்கள். கட்அவுட் போடும்போது அந்த வாயை நகர்த்தி, பெரும்பாலும் முன் சீட்டுக்கு நேர் கீழே, கியர்பாக்ஸ் ஓரமாக வைக்கிறோம்.

ஓடும் காரில் காற்று அடித்துக்கொண்டு போய்விடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் கோலாலம்பூரில் எத்தனை நேரம் ஓடுகிறோம்? மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் ஹைவேயிலோ ஜாலான் ஈப்போவிலோ நிற்கிறோம். நிற்கும் காரின் அடியில் புகை தேங்கும். கதவு ரப்பர், தரையில் இருக்கும் ஒயர் துளைகள், கியர் லீவரின் ரப்பர் உறை, கண்ணாடிக்குக் கீழே ஏர்கான் வெளிக்காற்றை இழுக்கும் இடம் என்று எங்கே வழி கிடைத்தாலும் உள்ளே ஏறும். ஏர்கானை உள்காற்று சுற்றும்படி வைத்திருந்தால் வராது என்று நினைக்காதீர்கள். கார் ஒன்றும் அடைத்த டின் இல்லை. உள்ளே வந்தது வெளியே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதுதான் மிச்சம்.

ஒரு வாடிக்கையாளர் கதையைச் சொல்கிறேன். பின்சீட் உள்ள கூப்பே கார், கட்அவுட் வேறு கடையில் போட்டது. அவர் வந்தது கட்அவுட்டுக்காக இல்லை, ஏர்கானைப் பார்க்கச் சொல்லி. ஈப்போவுக்கு மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மனைவிக்குத் தலைவலி, பின்னால் இருக்கும் பையனுக்குக் குமட்டல், இறங்கி நடந்தால் சரியாகிவிடுகிறது என்றார். ஏர்கான் கேஸ் கசிகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். காரைத் தூக்கிப் பார்த்தால், வால்வு தகட்டின் ஓரத்தில் கரி பிடித்து முழுக்க மூடவில்லை. வால்வைக் குழாயோடு முடுக்கும் ஃபிளேன்ஜ் விளிம்பில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் ஒரு பக்கம் எரிந்து போயிருந்தது. சுவிட்ச் ஒயரை உள்ளே கொண்டுவரத் தரையில் துளை போட்டிருக்கிறார்கள், துளையை அடைக்கும் ரப்பர் வளையமான குரோமெட் வைக்கவில்லை. துளைக்கும் கட்அவுட் வாய்க்கும் ஒரு முழம்கூட இருக்காது. எஞ்சினை ஐடிலில் விட்டு உள்ளே கார்பன் மோனாக்சைடு மீட்டர் வைத்தேன். எண் ஏறுவதைப் பார்த்ததும் அவரே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார். கவனியுங்கள், அந்தப் பயணங்களில் அவர் சுவிட்சைத் தொடவே இல்லையாம். மூடிய வால்வு கசிந்துதான் இத்தனையும்.

இந்த வாயு ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி வருவதுபோல் இருப்பது, சோர்வு: காய்ச்சல் வரப்போகிறது என்றோ வெயில் என்றோதான் தோன்றும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறியதில் பாதி குறையவே நாலைந்து மணி நேரம் ஆகலாம். மருத்துவமனையில் சுத்தமான ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்ப முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே அது காட்டும், எண் 98 என்று நிற்கும். அதனால் கிளினிக் போனால் "காரில் எக்ஸோஸ்ட் மாற்றியிருக்கிறோம்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராக ஊகிக்க வழியில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கான் குளிரில் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி நம் பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. பெருநாள் சமயத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் அப்படித் தூங்குகிறவர்கள் எத்தனை பேர்! கட்அவுட் உள்ள காரில் அதைச் செய்யவே கூடாது, வால்வு மூடியிருந்தாலும்.

சரி, எங்கே வைப்பது? கன்வெர்ட்டருக்குப் பின்னால், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சாரையும் தாண்டி. இதில் என்னிடம் பேரம் கிடையாது. முன்னால் வைத்தால் சத்தம் கூர்மையாக வரும் என்று கேட்பவர்கள் உண்டு. முதல் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலே, புகைத் துடிப்புகளுக்கு நடுவே குழாய் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் குறைவு" என்று சொல்லும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதை நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். பெட்ரோல் செலவு கூடும், கார்பன் மோனாக்சைடும் கூடும். கன்வெர்ட்டருக்குச் சற்று முன்னால் வைத்தாலோ வடிகட்டாத புகை நேராகக் காலடியில். பின் சென்சார் குழம்பி P0420 என்ற கோளாறுக் குறியீட்டோடு எஞ்சின் விளக்கைப் போடும். அந்த விளக்கை அணைக்க இன்னொரு சாமான் விற்பார்கள். அதை நான் விற்பதில்லை.

இன்னொன்று, கிளையின் வாயை வால்வோடு நிறுத்தக் கூடாது. ஆன்லைனில் சில நூறு வெள்ளிக்கு வரும் பெட்டியில் வாயில் ஒட்ட ஒரு குட்டைக் குழாய்கூட இருக்காது, பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். சூடான புகை பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், கியர்பாக்ஸ் எண்ணெய்க் குழாய் எதிலாவது நேராக அடிக்கும். லாலாங் புல் காய்ந்து கிடக்கும் இடத்தில் நிறுத்தினால் அதுவும் ஆபத்து. நாங்கள் கூடுதல் குழாய் வைத்து, முடிந்தவரை பயணிகள் அறைக்குப் பின்னால், பக்கவாட்டில் கொண்டுபோய் விடுவோம். சத்தம் கொஞ்சம் குறையும், வாடிக்கையாளர் முகமும் கொஞ்சம் சுருங்கும்.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஒயர் உள்ளே வரும் இடத்தில் குரோமெட், அதன் மேல் சீலன்ட். மஞ்சள் நிற உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்குரியது, பக்கத்தில் போகாதீர்கள். பல கட்அவுட்டுகளின் சுவிட்ச் அழுத்திப் பிடித்திருக்கும் வரை மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் வகை. தகடு திறந்து முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் ஃபியூஸோ பல்சக்கரமோ போகும். மோட்டாரைக் குழாயின் அடியில் தொங்கவிடாமல் பக்கவாட்டில் மேல்நோக்கி வையுங்கள். வெல்டிங் செய்யும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றாத கடையில் காரை விடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து மூடினால் கரி பிடித்து இறுகாது, ஆனால் திறந்த வெளியில் செய்யுங்கள், கொண்டோ பேஸ்மென்டில் வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய இரண்டு தொல்லைகளும் உண்டு. தாமானுக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) இருக்கும் வேகத்தடை ஒன்று. தாழ்வான காரில் கட்அவுட்தான் அடிப்பகுதியில் துருத்திக்கொண்டிருக்கும், முதல் அடி அதற்குத்தான். இன்னொன்று திடீர் வெள்ளம். பின் குழாயைவிட இந்த வாய் தரைக்கு நெருக்கம். எஞ்சின் ஓடும்வரை புகை தண்ணீரைத் தள்ளும். நின்றுவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் ஏறும், மோட்டார் முழுகும், சூடான ஆக்சிஜன் சென்சாரின் பீங்கான் விரிசல் விடும். மேகம் கறுத்தால் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் கூடுமா? டர்போ காரில், டர்போவுக்குப் பின்னால் அடைப்பு குறைந்தால் ஓரளவு தெரியும். டர்போ இல்லாத இப்போதைய கார்களில், சைலன்சர் ஏற்கெனவே நன்றாக வடிவமைக்கப்பட்டிருப்பதால், உயர்ந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) சில குதிரைத்திறன் கிடைத்தால் அதிகம். கார் பறக்கிறது என்று சொல்வது பெரும்பாலும் காதுதான். அதே காது ஒரு மணி நேரத்தில் புலம்பும். V8 எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 133 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த உறுமல் நெடுஞ்சாலை வேகத்தில் மண்டைக்குள்ளேயே நிற்கும். பட்டறையில் என் பையன்களுக்குக் காது மூடி கட்டாயம். 2019-ஆம் ஆண்டு வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகளின்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல்தான் எல்லை. கட்அவுட் திறந்த V8 பக்கத்தில் நின்றால் அது மிகச் சின்ன எண்.

சட்டத்தைப் பற்றி அதிகம் இழுக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதோடு 1959-ஆம் ஆண்டின் வாகன அமைப்பு மற்றும் பயன்பாட்டு விதிகள், சுற்றுச்சூழல் துறையின் 1987 வாகன இரைச்சல் விதிமுறைகள் எல்லாம் இதைத் தொடுகின்றன. சைலன்சர் வேலை செய்ய வேண்டும் என்பது அடிப்படை. "மூடி வைத்திருந்தால் போலீஸுக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி குனிந்து டார்ச் அடித்தால் போதும், மோட்டாரும் ஒயரும் பல்லிளிக்கும். விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரரும் குனிந்து பார்ப்பார். கோலாலம்பூரின் ஸ்மார்ட் என்ற சுரங்கப் பாதையில் கட்அவுட்டைத் திறந்துவிட்டு வீடியோ எடுத்துப் போடும் தம்பிகளே, நம்பர் பிளேட்டும் சேர்ந்துதான் பதிவாகிறது.

செப்பாங் ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் காராக இருந்தால், அங்குள்ள சத்த விதியைக் கேட்டுக்கொண்டு, கட்அவுட் போட்டுத் தருகிறேன். பிள்ளைகள் ஏறும் காருக்கு என் பதில் வேறு: சைலன்சருக்குள்ளேயே வால்வு இருக்கும் வகை. புகை கன்வெர்ட்டரைத் தாண்டி, கடைசிவரை போய், பின்னால்தான் வெளியேறும். வால்வு திறந்தால் உள்ளே குறுக்குப் பாதை கிடைக்கும், குரல் மாறும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பெனியே இப்படித்தான் கொடுக்கிறது. விலை கூட. சத்தமும் கட்அவுட் அளவுக்கு முரட்டுத்தனமாக இருக்காது. இதிலும் வரம்பை மீறினால் சம்மன் உண்டு.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இந்த வாரமே காரைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வால்வை மூடி, ஃபிளேன்ஜைச் சுற்றி சோப்புத் தண்ணீர் அடித்தால் கசிவு குமிழியாகத் தெரியும். குழாய் சூடேறிவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், அதனால் முதல் நிமிடத்திலேயே செய்ய வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிக் காருக்குள் வையுங்கள், வெயிலில் நிறுத்தும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் முன் வால்வைக் கழற்றிவிட்டு, அதே ஃபிளேன்ஜில் ஸ்டெயின்லெஸ் மூடித் தகடு ஒன்றைப் புதிய கேஸ்கெட்டோடு முடுக்கிவிடலாம். காரைத் தூக்கும் ஹோய்ஸ்ட் இருந்தால் சீக்கிரம் முடிகிற வேலை. எந்த எக்ஸோஸ்ட் கடையிலும் உங்கள் ஃபிளேன்ஜ் அளவுக்கு அந்தத் தகட்டை வெட்டிக் கொடுப்பார்கள்.