ரயில் நிலையத்தில் பயணியைச் சோதிக்கும் கருவிகள் எப்படி இயங்குகின்றன?

டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தை நாள்தோறும் சுமார் 30 லட்சம் பேர் பயன்படுத்துகின்றனர். உலகிலேயே பயணிகள் கூட்டம் மிகுந்த விமான நிலையமாகக் கருதப்படும் அட்லாண்டாவில் ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கையே சுமார் 10 கோடிதான். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் மூன்று லட்சத்தைத் தொடாது. விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக வந்து காத்திருக்கப் பயணிகள் பழகிவிட்டார்கள். ரயிலுக்கோ, அதிலும் புறநகர் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும், இரண்டு நிமிடம் முன்னதாக வருவதே வழக்கம். ரயில் நிலையச் சோதனையின் சிக்கல் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. பயன்படும் இயற்பியல் இரண்டு இடங்களிலும் ஒன்றே. ஆனால் ரயில் நிலையத்தில் ஒரு கருவியை மதிப்பிடும்போது, அது எதைக் கண்டுபிடிக்கும் என்ற கேள்வியோடு, ஒரு பயணிக்கு எத்தனை நொடி எடுத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.

பைகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே ஸ்கேனரிலிருந்து தொடங்கலாம். ராண்ட்கன் 1895-இல் கண்டறிந்த எக்ஸ்கதிர்கள்தான் இன்றும் இதில் வேலை செய்கின்றன. கருவியின் உள்ளே ஒரு வெற்றிடக் குழாயில், ஏறத்தாழ 1,60,000 வோல்ட் மின்னழுத்தத்தால் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஓர் உலோகத் தகட்டில் மோதுகின்றன. அந்த மோதலில் எக்ஸ்கதிர்கள் பிறக்கின்றன. அவை ஒரு மெல்லிய பிளவின் வழியாக விசிறிபோல் விரிந்து வெளிவருகின்றன. எதிர்ப்புறத்தில் பையின் பக்கவாட்டையும் மேற்புறத்தையும் தழுவியபடி உணரிகள் வரிசையாக அமைந்திருக்கும். கன்வேயர் பெல்ட்டில் பை நகர நகர, இந்த உணரி வரிசை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை ஒவ்வொரு கீற்றாகப் பதிவுசெய்கிறது. கணினி அந்தக் கீற்றுகளை அடுக்கி முழுப் படமாக்குகிறது. பையை நிறுத்தி வைத்து எடுக்கும் படம் அன்று இது. பெல்ட் ஓடினால்தான் படமே உருவாகும். பெல்ட் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டிக்கு மூன்று நொடி போதும்.

இப்படிக் கிடைப்பது வெறும் நிழற்படமாக இருந்தால் பயன் குறைவு. தடிமனான பிளாஸ்டிக்கும் மெல்லிய இரும்புத் தகடும் ஒரே அளவுக்குக் கதிரை மங்கச் செய்யக்கூடும் என்பதால், சாம்பல் நிறத்தின் ஆழத்தை மட்டும் பார்த்துப் பொருள் எது என்று சொல்ல இயலாது. இந்தக் குறையைத் தீர்க்கும் உத்தி, என் பார்வையில், இக்கருவியின் ஆகச் சிறந்த பகுதி. எக்ஸ்கதிர்கள் ஒரு பொருளில் தடைபடுவதற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு. முதலாவது ஒளிமின் உறிஞ்சல், அதாவது கதிரை அணு முழுமையாக விழுங்கிவிடுவது. இது பொருளின் அணு எண் உயர உயர ஏறத்தாழ அதன் மும்மடிக்கு (அந்த எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவதற்கு) ஏற்ப அதிகரிக்கும். கதிரின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கரிமத்தின் அணு எண் 6, இரும்பின் அணு எண் 26. ஆக, ஒரே நிறையுள்ள கரிமத்தைவிட இரும்பு இந்த வகையில் 80 மடங்குக்கு மேல் உறிஞ்சும். இரண்டாவது காம்ப்டன் சிதறல், அதாவது கதிர் எலெக்ட்ரானில் மோதித் திசைமாறுவது. இது பொருளில் எத்தனை எலெக்ட்ரான்கள் செறிந்துள்ளன என்பதைப் பொறுத்தது. ஆற்றல் மாறினாலும் பெரிதாக மாறாது.

எனவே, ஒரே பொருளைக் குறைந்த ஆற்றலிலும் உயர்ந்த ஆற்றலிலும் ஒருசேர அளந்தால், இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டு அதன் சராசரி அணு எண்ணைக் கணித்துவிடலாம். இதற்காக இரண்டு கதிர்க்குழாய்கள் தேவையில்லை. உணரியையே இரண்டு அடுக்காகச் செய்கிறார்கள்: முன்னால், எக்ஸ்கதிர் பட்டால் ஒளிரும் ஒரு மெல்லிய படிகம், நடுவில் ஒரு செப்புத் தகடு, பின்னால் தடித்த மற்றொரு படிகம். குறைந்த ஆற்றல் கதிர்கள் முன்படிகத்தில் நின்றுவிடுகின்றன. எஞ்சியவற்றைச் செப்புத் தகடு வடிகட்ட, உயர் ஆற்றல் கதிர்கள் மட்டும் பின்படிகத்தை அடைகின்றன. திரையில் தெரியும் நிறங்கள் இந்த ஒப்பீட்டிலிருந்து கணினி பூசுபவை. அணு எண் பத்துக்குக் குறைவான கரிமப் பொருட்கள் ஆரஞ்சு நிறத்திலும், அலுமினியம் போன்ற இடைப்பட்டவையும் கலவைகளும் பச்சையிலும், இரும்பும் செம்பும் நீலத்திலும் தோன்றுகின்றன. கதிர் ஊடுருவவே முடியாத பகுதி கறுப்பாக நிற்கும். ஒரு மடிக்கணினியைத் திரையில் பார்த்தால் பச்சைப் பரப்பின் மீது நீல நரம்புகளாகச் செப்புத் தடங்கள் ஓடுவதையும், மூலையில் பேட்டரிக் கட்டைகள் அடர்ந்து இருப்பதையும் காணலாம். அதற்குக் கீழே இருக்கும் பொருள் அந்த அடர்த்தியில் மறைந்துபோகும். விமான நிலையத்தில் மடிக்கணினியை வெளியே எடுக்கச் சொல்வது இதனால்தான். ரயில் நிலையத்தில் அதற்கு நேரமில்லை.

ஆரஞ்சு நிறத்துக்குள்தான் உண்மையான தலைவலி இருக்கிறது. துணி, காகிதம், சோப்பு, சாக்லேட், வெடிமருந்து எல்லாமே கரிமம், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனவை; சராசரி அணு எண் ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் நெருங்கி நிற்கிறது. ஆர்டிஎக்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம், நீரின் அடர்த்தி 1 கிராம் என்பதுபோன்ற வேறுபாடுகள் உதவக்கூடும். ஆனால் ஒரே கோணத்தில் எடுத்த படத்தில் பொருளின் தடிமன் தெரியாததால் அடர்த்தியைத் துல்லியமாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. பையைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களில் படம்பிடிக்கும் சிடி ஸ்கேனர்கள் இதைத் தீர்க்கின்றன. அவற்றின் விலையும் எடையும் காரணமாக ரயில் நிலைய வாயில்களில் அவற்றை அரிதாகவே காணமுடியும். ஸ்கேனர் வழியாகச் சென்ற உணவு கதிரியக்கம் பெற்றுவிடுமோ என்ற அச்சத்தைச் சிலர் இன்றும் சுமக்கிறார்கள். அணுக்கருவை மாற்றியமைக்கப் பல மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 1,60,000 வோல்ட்டில் பிறக்கும் இக்கருவியின் கதிர்களிடம் அதிகபட்சம் 1,60,000 எலெக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும்; தேவையானதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பயணி நடந்துசெல்லும் உலோக வாயில், அதாவது மெட்டல் டிடெக்டர், எக்ஸ்கதிர்களைப் பயன்படுத்துவதில்லை. பரவலாக உள்ள ஒரு வகையில், ஒரு தூணிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் நொடிக்குப் பல நூறு முறை துடிப்பாகச் செலுத்தப்பட்டு, சட்டென்று துண்டிக்கப்படுகிறது. அப்போது சரியும் காந்தப்புலம் அருகிலுள்ள எந்த உலோகத்திலும் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டங்கள் தமக்கென ஒரு சிறிய காந்தப்புலத்தை உருவாக்கிக்கொண்டு, மைக்ரோநொடிகளில் தேய்ந்து மறைகின்றன. மறையும் அந்த எதிரொலியை ஏற்புச் சுருள் கேட்கிறது. தூணின் உயரத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்திருப்பதால் உலோகம் இடுப்பருகே உள்ளதா, கணுக்காலருகே உள்ளதா என்பதை விளக்குகள் காட்டும். இதே தூண்டல் தத்துவத்தைக் கொண்டு 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல், சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. படுக்கையின் எஃகுக் கம்பிச்சுருள்களும் அந்தத் தேடலைக் குழப்பியதாகக் கருதப்படுகிறது. வேண்டாத உலோகத்தின் நடுவே வேண்டிய உலோகத்தைப் பிரித்தறிவது அன்றுமுதலே இக்கருவியின் பெரும்பாடு.

சாவி, கைபேசி, பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டு நடந்தால்தான் இந்த வாயிலை நுண்ணுணர்வோடு அமைக்க முடியும். ரயில் நிலையத்தில் யாரும் எதையும் கழற்றி வைப்பதில்லை. ஆகையால், உணர்திறனைக் குறைத்து, துப்பாக்கி அளவிலான உலோகத்துக்கு மட்டும் ஒலிக்கும்படி வைக்க வேண்டும். இல்லையெனில் கடந்துபோகும் ஒவ்வொருவருக்கும் ஒலித்துக்கொண்டே இருக்கும். இப்படி எப்போதும் ஒலிக்கும் நிலையில் விடப்பட்ட வாயில்களை, ஒலியை எவரும் பொருட்படுத்தாத வாயில்களை, வைப்பதைவிட வைக்காமலே இருப்பது மேல் என்பது என் கருத்து. தவிர, உலோகமே இல்லாத வெடிமருந்து இந்த வாயிலுக்குத் தெரியவே தெரியாது.

வெடிமருந்தை அதன் வேதியியலால் அடையாளம் காணும் கருவி ஒன்று உண்டு. பையின் கைப்பிடியை ஒரு துணிப்பட்டையால் துடைத்துக் கருவிக்குள் செருகுவார்கள். பட்டை சூடேற்றப்பட, ஒட்டியிருந்த துகள்கள் ஆவியாகி, நிக்கல்-63 போன்ற கதிரியக்க மூலத்தின் பீட்டா கதிர்களால் மின்னூட்டம் பெறுகின்றன. வெடிமருந்துகளில் மிகுந்துள்ள நைட்ரோ தொகுதிகள் (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த அணுக்கூட்டங்கள்) எளிதில் எதிர்மின்னூட்டம் ஏற்கும். பிறகு மின்னூட்டம் பெற்ற அந்தத் துகள்கள், அதாவது அயனிகள், மின்புலம் நிலவும் ஒரு குழாயில் காற்றினூடே ஓடவிடப்படுகின்றன. சிறியவை விரைவாகவும் பெரியவை மெதுவாகவும் மறுமுனையை அடைய, சில மில்லிநொடிகள் நீளும் அந்தப் பயண நேரமே பொருளைக் காட்டிக்கொடுக்கிறது. நானோகிராம் அளவிலான எச்சமும் இதற்குப் போதும். ஆர்டிஎக்ஸ் போன்றவை அறை வெப்பநிலையில் ஏறக்குறைய ஆவியாவதே இல்லை என்பதால்தான் காற்றை முகராமல் பரப்பைத் துடைக்க வேண்டியிருக்கிறது. இதயநோய்க்கு நைட்ரோகிளிசரின் மாத்திரை எடுப்பவரின் கைப்பட்ட பைகூட இதில் எச்சரிக்கையை எழுப்பக்கூடும். ஒருவருக்குப் பத்து நொடி அளவில் ஆகும் இச்சோதனையை எல்லோருக்கும் செய்ய இயலாது. ஐயத்துக்குரிய பைகளுக்கே ஒதுக்குகிறார்கள். நகரும் கூட்டத்தின் நடுவே வேலை செய்வதில் மோப்ப நாய்க்கு ஈடாக இன்னும் ஒரு கருவி வரவில்லை. அதன் மூக்கில் 20 கோடிக்கும் மேற்பட்ட மோப்ப உணர்செல்கள் இருக்கின்றன, அது நொடிக்கு ஐந்து முறை அளவில் முகர்கிறது, யாரையும் நிறுத்துவதில்லை. சோர்வடையும் என்பதுதான் குறை.

திரையின் முன் அமர்ந்திருக்கும் மனிதரும் சோர்வடைகிறார். கண் எப்படித் தேடுகிறது என்பதை ஆராயும் உளவியலாளர் ஜெரமி வுல்ஃபும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தேடப்படும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது தேடுபவர்கள் 7 சதவீதத்தை மட்டுமே தவறவிட்டனர். அதே பொருள் நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதத்தைத் தவறவிட்டனர். அரிதாகக் கிடைப்பதைத் தேடும் முயற்சியைக் கண் விரைவிலேயே கைவிட்டுவிடுகிறது. ரயில் நிலையத்தில் ஆபத்தான பை நூற்றில் ஒன்றைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு அரிது. இதைச் சமாளிக்க, உண்மையான பைகளின் படத்தில் கணினி அவ்வப்போது கற்பனையான துப்பாக்கியையோ வெடிகுண்டையோ புகுத்தி, பணியாளர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கிறது. இருபது நிமிடத்துக்கொருமுறை ஆளை மாற்றுவதும் இதற்காகத்தான்.

அரிது என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரு கோடிப் பயணிகளில் ஒருவர் மட்டும் குண்டு வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். குண்டு இருந்தால் 99 சதவீதம் ஒலிப்பதும், இல்லாதபோது 1 சதவீதம் மட்டுமே தவறாக ஒலிப்பதுமான ஓர் அருமையான கருவி நம்மிடம் இருப்பதாகவும் கொள்வோம். அது ஒரு லட்சம் குற்றமற்றவர்களைப் பார்த்து ஒலிக்கும். வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது கருவியால் அந்த ஒரு லட்சம் பேரையும் மறுபடி சோதித்தால் எண்ணிக்கை ஆயிரமாகக் குறையும். உண்மையான குண்டு சிக்கும் வாய்ப்பு 98 சதவீதமாக மட்டுமே இறங்கும். சோதனையை அடுக்கடுக்காக அமைப்பதன் கணிதம் இது. இரண்டு கருவிகளும் ஒரே காரணத்தால் ஏமாறாமல் இருந்தால் மட்டுமே இக்கணக்கு செல்லும் என்பதை மறக்கலாகாது.

எத்தனை அடுக்கு வைத்தாலும் வரிசை நிற்கும். எளிய ஒற்றை வரிசைக் கணக்கில், ஒரு சோதனைத் தடம் அதன் திறனில் 80 சதவீதம் இயங்கும்போது சராசரியாக 4 பேர் அங்கே இருப்பார்கள்; 90 சதவீதத்தில் 9 பேர்; 95 சதவீதத்தில் 19 பேர். கடைசிச் சிறு கூடுதல்தான் கூட்டத்தைப் பெருக்குகிறது. ரயில் நேரத்தை ஒட்டி மக்கள் திரளாக வருவதால் உண்மை நிலை இதைவிட மோசம். அந்த வரிசையே தாக்குதலுக்கு இலக்காகவும் கூடும். 2013 டிசம்பர் 29 அன்று ரஷ்யாவின் வோல்கோகிராட் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது நுழைவாயிலில், உலோக வாயில்களுக்கு அருகில்தான். இதனாலேயே நாடுகள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பெய்ஜிங் சுரங்க ரயிலில் 2008 ஒலிம்பிக் காலம் முதல் பைகள் ஸ்கேன் செய்யப்படுகின்றன. இங்கிலீஷ் கால்வாய்க்கு அடியில் ஓடும் யூரோஸ்டாரில் விமான நிலையத்தைப் போன்ற சோதனை உண்டு. நியூயார்க் சுரங்க ரயிலில் 2005 ஜூலை முதல் எழுந்தமானமாக, அதாவது முன்திட்டமின்றித் தேர்ந்தெடுத்து, சில பைகளை மட்டும் பார்க்கிறார்கள்.

எழுந்தமானச் சோதனை கேலிக்குரியதாகத் தோன்றலாம்; கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட்டின் புறநகர் ரயில்களில் 13 குண்டுகள் வைக்கப்பட்டன. அவற்றில் 10 வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்தில் ஒரு பை மட்டும் சோதிக்கப்படும் நிலையத்தில், தனித்தனியாக 13 பைகளும் சோதனையிலிருந்து தப்பும் வாய்ப்பு 25 சதவீதம்தான். தனியொருவருக்கு எதிராக இம்முறை வலுவற்றது. பலர் சேர்ந்து திட்டமிடும் தாக்குதலுக்கு எதிராக வியக்கத்தக்க அளவு வலுவுள்ளது.

யாரையும் நிறுத்தாமல் எல்லோரையும் பார்க்க முடியுமா என்பதே ஆய்வாளர்களின் இப்போதைய தேடல். மனித உடல் அகச்சிவப்புக் கதிரை மட்டுமன்றி, மிகக் குறைந்த அளவில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அலைநீளமுள்ள டெராஹெர்ட்ஸ் கதிரையும் இடைவிடாமல் உமிழ்கிறது. துணி அதைப் பெரும்பாலும் மறைப்பதில்லை. துணிக்கு அடியில் கட்டப்பட்ட உலோகமோ வெடிமருந்துப் பொதியோ மறைக்கும். ஆகவே, சில மீட்டர் தொலைவிலிருந்து நோக்கும் கருவியின் திரையில் நடந்துவரும் மனிதர் வெளிச்சமான உருவமாகவும், மறைத்துவைத்த பொருள் அதன் மீது கரிய திட்டாகவும் தெரிகிறார்கள். கருவி எதையும் உமிழாது. உடலின் அங்க அடையாளங்களையும் காட்டாது. லாஸ் ஏஞ்சலிஸ் மெட்ரோ 2018-இல் இத்தகைய கருவிகளை வாங்குவதாக அறிவித்தது. இதற்கும் எல்லைகள் உண்டு. உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை நம்பியே படம் உருவாவதால், சுற்றுப்புறம் உடல் வெப்பநிலையை நெருங்கும் வெக்கையில் திட்டு மங்கிவிடும். கையில் தொங்கும் பையின் உள்ளே இருப்பதையும் இது காட்டாது. மக்கள் தாமாகவே ஒருவர்பின் ஒருவராக நகரும் நகர்படியின் உச்சி, குளிரூட்டப்பட்ட நுழைவுக் கூடம் போன்ற இடங்களே இதற்குப் பொருந்தும். புதிய நிலையங்களை வடிவமைப்பவர்கள் அப்படிப்பட்ட இடங்களை வரைபடத்திலேயே ஒதுக்கிவைத்தால், கட்டிய பிறகு வாயிலை மறித்து எந்திரம் வைக்கும் தேவை பெருமளவு குறையும்.