அமெரிக்கக் குடியுரிமைக்கு இரண்டாம் முறை விண்ணப்பிக்கும்போது: நாள் கணக்கும் முகவரிகளும்

நிராகரிப்புக் கடிதம் வந்த வீட்டில் அழுகையும் கோபமும் ஓய்ந்ததும் யாராவது ஒருவர் சொல்வார்: "பழைய படிவத்தின் நகல்தான் இருக்கிறதே, தேதியை மாற்றித் திரும்ப அனுப்பிவிட்டால் போயிற்று." அப்படிச் செய்துவிடாதீர்கள். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் சில பேருக்கு இந்தப் படிவத்தை நிரப்ப உதவியிருக்கிறேன். இரண்டாம் முறையும் தடுக்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் முதல் படிவத்தைப் பார்த்து எழுதியவர்கள்தான்.

என்-400 என்ற அந்தப் படிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். சட்டத்தில் அதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அது முழுக்கப் புதிய விண்ணப்பம். கட்டணமும் புதிது: 2024 ஏப்ரல் 1 முதல் இணையத்தில் கொடுத்தால் 710 டாலர், காகிதத்தில் கொடுத்தால் 760 டாலர். முன்பு கட்டிய பணம் திரும்பி வராது, கழித்துக்கொள்ளப்படவும் மாட்டாது. அதே சமயம், முன்பு எழுதிக் கொடுத்த எல்லாம் உங்கள் கோப்பில் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்ற கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். போட்டு வரும் விடை பழையதோடு முரண்பட்டால் ஏன் என்று சொல்லவும் வேண்டும். மறுவிண்ணப்பத்தின் சிரமம் முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் நிராகரிப்புக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். அதிகாரி உங்கள் நாட்களைத் தவறாக எண்ணிவிட்டார், அல்லது நீங்கள் கொடுத்த சான்றைப் பார்க்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், புது விண்ணப்பத்துக்கு முன் என்-336 என்ற படிவம் வழியாக மறுவிசாரணை கேட்கலாம். முடிவு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் கேட்க வேண்டும். தபாலில் வந்திருந்தால் 33 நாட்கள். நாட்கள் உண்மையிலேயே குறைந்திருந்தால் மறுவிசாரணை அவற்றைக் கூட்டித் தராது. காத்திருந்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி. கடிதத்தில் உங்கள் கிரீன் கார்டையே கேள்விக்குள்ளாக்கும் ஒரு வாக்கியம் இருந்தால், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் எதையும் அனுப்பாதீர்கள். அந்த இடத்தில் நண்பர்களின் அனுபவம் உதவாது, என்னுடையதும் சேர்த்துத்தான்.

நகரும் ஐந்து ஆண்டுகள்

பொதுவான விதி இது. கிரீன் கார்டு பெற்ற பிறகு ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 30 மாதங்கள் நாட்டின் மண்ணிலேயே இருந்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் மாநிலத்தில், அல்லது குடிவரவு அலுவலக எல்லைக்குள், மூன்று மாதங்கள் குடியிருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து மூன்று ஆண்டுகள் அவருடன் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஐந்து மூன்றாகவும், 30 மாதம் 18 மாதமாகவும் குறையும்.

இந்த ஐந்து ஆண்டு, புது விண்ணப்பத்தைக் கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. பழைய விண்ணப்ப நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. போன முறை உங்களைக் கவிழ்த்த ஊர்ப்பயணம் இப்போது அந்த ஐந்தாண்டு எல்லையை விட்டு வெளியே போயிருக்கலாம். நிராகரிப்புக்குப் பிறகு மனம் நொந்து ஊருக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தீர்களே, அது புதிதாக உள்ளே வந்திருக்கும். ஊருக்குக் கிளம்பும் நாளும் திரும்பி இறங்கும் நாளும் அமெரிக்காவில் இருந்த நாட்களாகவே கணக்கில் சேரும். பலர் இதை விட்டுவிட்டு, தம் கணக்கைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாண்டு நிறைவதற்கு 90 நாட்கள் முன்பே விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் 30 மாதக் கணக்குக்கு அந்தச் சலுகை பொருந்தாது. அது விண்ணப்பிக்கும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும். அவசரத்தில் 92 நாளோ 95 நாளோ முன்பே அனுப்பி நிராகரிக்கப்பட்டவர்களுக்கு மறுவிண்ணப்பம்தான் எளிது. காலண்டரை ஒருமுறை சரியாகப் பார்த்தால் போதும்.

ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் வெளியே இருந்திருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றுதான் அதிகாரி தொடக்கத்தில் எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. வேலையை விடவில்லை, ஊரில் வேறு வேலையில் சேரவில்லை, கணவரும் பிள்ளைகளும் இங்கேயே இருந்தார்கள், வீட்டுச் சாவி நம்மிடமே இருந்தது என்பவற்றைக் காகிதத்தில் நிறுவ வேண்டும். அப்பாவின் அறுவை சிகிச்சைக்காகப் போய் ஏழு மாதம் தங்கியவர், மருத்துவமனைச் சீட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. அது ஏன் போனார் என்பதைச் சொல்லும். இங்கே குடித்தனம் கலையவில்லை என்பதைச் சொல்லாது. அந்த ஏழு மாதமும் தவறாமல் போன வாடகையும் மின்கட்டணமும் அதைச் சொல்லும்.

ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி நிச்சயமாக அறுந்தது. திரும்பி வந்து நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு வழியில் வருபவர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் ஒரு நாளும். 2022 ஜனவரி 10 அன்று திரும்பியவருக்கு 2026 ஜனவரி 11. ஆனால் அன்றைக்கு எண்ணினாலும் ஐந்தாண்டு எல்லைக்குள் ஏறக்குறைய ஒரு வருட இல்லாமை மிச்சம் இருக்கும். ஆறு மாதத்துக்கு மேல் என்ற கேள்வி மறுபடி எழும். நான்கரை ஆண்டு, அதாவது 2026 ஜூலை 10 வரை பொறுத்தால் அந்தக் கேள்வியும் இல்லை. ஒருமுறை நிராகரிப்பைப் பார்த்துவிட்ட குடும்பத்துக்கு நான் சொல்வது பொறுத்திருங்கள் என்பதுதான். மறுநுழைவு அனுமதி வாங்கிப் போனேனே என்று பலர் கேட்கிறார்கள். அது கிரீன் கார்டைக் காக்க உதவும், குடியுரிமைக்கான தொடர்ச்சியைக் காக்காது.

சாப்பாட்டு மேசையில் இரண்டு கடவுச்சீட்டுகள்

ஒரு தோழிக்கு உதவ உட்கார்ந்தபோது நடந்தது இது. பழைய கடவுச்சீட்டு, புதியது, போன முறை கொடுத்த படிவத்தின் நகல் மூன்றையும் மேசையில் விரித்து வைத்தோம். நகலில் அவர் நாட்டை விட்டுக் கிளம்பிய தேதி 05/06 என்று இருந்தது. அவர் மனதில் அது ஜூன் 5, நம் ஊர் வழக்கப்படி நாள் முதலில். படிவமோ மாதத்தை முதலில் எதிர்பார்ப்பது. அங்கே அது மே 6. திரும்பிய தேதி நவம்பர் 15. பதினைந்தாவது மாதம் ஒன்று கிடையாது என்பதால் அதை மட்டும் சரியாக எழுதியிருக்கிறார். உண்மையில் அவர் வெளியே இருந்தது 162 நாட்கள். படிவத்தின்படி 192. ஆறு மாதத்தைத் தாண்டாத ஒரு பயணத்தை அவரே தாண்ட வைத்துவிட்டார். மங்கிப்போன முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது "ஜூன்" என்று தெரிந்ததும் அவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இரண்டாம் விண்ணப்பத்தில் சரியான தேதியை எழுதியதோடு, முன்பு நேர்ந்த பிழையை மூன்று வரிகளில் விளக்கி, முத்திரைப் பக்கத்தின் நகலையும் இணைத்தோம். நாட்டுக்குள் வந்ததையும் போனதையும் பதிவு செய்யும் ஐ-94 என்ற அரசு இணையதளத்தில் உங்கள் போக்குவரத்து விவரம் கிடைக்கக்கூடும். முத்திரை, விமான டிக்கெட், இணையப் பதிவு மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட எல்லாப் பயணங்களையும் படிவம் கேட்கிறது. கனடாவுக்குக் காரில் போய் வந்த வார இறுதியும் அதில் வரும்.

எந்த வீடு, எந்த முகவரி

கடைசி ஐந்தாண்டில் குடியிருந்த எல்லா வீடுகளையும் மாதம் விடாமல் எழுத வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் கலங்குகிறார்கள். புராஜெக்ட்டுக்காக எட்டு மாதம் வேறு மாநிலத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பார்கள். கடிதங்கள் எல்லாம் அண்ணன் வீட்டுக்கு வரும். ஓட்டுநர் உரிமத்தில் மூன்றாவது முகவரி இருக்கும். போன முறை அண்ணன் வீட்டையே ஐந்தாண்டுக்கும் எழுதிவிட்டவர்கள் இப்போது என்ன செய்வது? உண்மையை எழுதுவது. வசித்த இடம் வேறு, கடிதம் வரும் இடம் வேறு. படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. தபால் பெட்டி எண் வசிப்பிடம் ஆகாது. பிழையைத் தானே முன்வந்து திருத்துபவருக்கும், கேட்டபோது மழுப்புபவருக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உண்மையே சொல்வதாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு குடியுரிமைச் சலுகைக்காகப் பொய் சொன்னதாக முடிவானால், அது குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைத் தகுதியையே பாதிக்கும். நாள் குறைவைக் காலம் ஆற்றிவிடும், பொய்யின் சுவடு அத்தனை எளிதில் போகாது.

வீடு மாறிய 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஏஆர்-11 என்ற அந்த அறிவிப்பை இணையத்திலேயே கட்டணமின்றிச் செய்யலாம். தபால் அலுவலகத்தில் முகவரி மாற்றிவிட்டேன் என்பது இதற்கு ஈடாகாது. தபால் துறையினர் குடிவரவுத் துறைக்குச் சொல்லமாட்டார்கள். இதுவரை தெரிவிக்காமல் விட்டிருந்தால் இன்றே தெரிவித்துவிடுங்கள். கேட்டால் மறந்ததை மறந்ததாகவே சொல்லுங்கள்.

மூன்று மாத விதி விண்ணப்பிக்கும் நேரத்துக்கானது. புது மாநிலத்துக்குப் போன மறுவாரமே மறுவிண்ணப்பம் அனுப்பாதீர்கள். விண்ணப்பித்த பிறகு மாறினால் புதிதாக மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கோப்பு புது அலுவலகத்துக்கு மாற்றப்படும், அவ்வளவுதான். இரண்டு மாநிலங்களில் மாறி மாறி இருப்பவர்களுக்கு, ஆண்டுதோறும் எந்த மாநிலத்திலிருந்து மத்திய வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்கிறாரோ அதுவே வசிப்பிடம். பெற்றோரைச் சார்ந்து படிக்கும் மாணவர், கல்லூரி இருக்கும் இடத்திலிருந்தோ வீட்டிலிருந்தோ விண்ணப்பிக்கலாம். வரிக் கணக்கை "வசிக்காதவர்" என்று தாக்கல் செய்திருந்தால் மட்டும் நில்லுங்கள். நிரந்தர வசிப்பைக் கைவிட்டீர்களோ என்ற ஐயத்தை அதுவே எழுப்பும்.

மூன்றாண்டு வழியில் முன்பு விண்ணப்பித்து, கணவன் மனைவி வேறு வேறு முகவரியில் இருந்ததால் தடைபட்டவர்கள், இப்போது ஐந்தாண்டு நிறைந்திருந்தால் ஐந்தாண்டு வழியிலேயே போகலாம். சேர்ந்து வாழ்ந்ததை நிறுவும் சுமை அதில் இல்லை.

முகவரிகளில் இத்தனை கவனம் வேண்டும் என்பதற்கு அண்மைக் காரணமும் உண்டு. விண்ணப்பதாரர் குடியிருக்கும் பகுதியிலும் வேலை செய்யும் இடத்திலும் நேரில் விசாரிக்கும் அதிகாரம் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. பெரும்பாலும் பயன்படுத்தாமல் வைத்திருந்த அதை மீண்டும் கையில் எடுப்பதாக 2025 ஆகஸ்டில் குடிவரவுத் துறையினர் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் எழுதும் முகவரியில் உங்களைத் தெரிந்த அண்டைவீட்டார் இருக்க வேண்டும்.

இன்னொன்று, முகவரியோடு சேராதது என்றாலும் மறுவிண்ணப்பக்காரர்களைத் திகைக்க வைப்பது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் குடிமையியல் தேர்வு மாறிவிட்டது. முன்பு 100 கேள்விகளைப் படித்து, பத்துக்கு ஆறு சொன்னால் போதும். இப்போது 128 கேள்விகள், இருபதுக்குப் பன்னிரண்டு. போன முறை அதில் தேறியிருந்தாலும் மறுபடி உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று ஊருக்கு நீண்ட டிக்கெட் போட்டுவிடாதீர்கள். குடிமகனாகவோ குடிமகளாகவோ உறுதிமொழி ஏற்கும் நாள் வரை தொடர்ச்சி இருந்தாக வேண்டும். உறுதிமொழி விழாவுக்கான அழைப்பின் பின்பக்கத்தில்கூட, நேர்காணலுக்குப் பிறகு நாட்டை விட்டு வெளியே போனீர்களா என்ற கேள்வி இருக்கிறது. போயிருந்தால் அந்தத் தேதிகளும், மாதம் முதலில், கையில் இருக்கட்டும்.