குடியுரிமை அல்ல, வதிவிட அனுமதி

‘தொலைப்பணி செய்வோருக்கு ஸ்பெயின் குடியுரிமை’, ‘ஓராண்டுக்குத் தற்காலிகக் குடியுரிமை’, ‘குடியுரிமை அனுமதி பெறுவது எப்படி?’ என்கிற பாங்கில் தலைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. செய்தித்தளங்கள், காணொளிகள், முகவர்களின் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இதே பிழை. ஸ்பெயின் தொலைப்பணி செய்வோர் எவருக்கும் குடியுரிமை தரவில்லை. மடிக்கணினியில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர், அந்த வேலையும் வருமானமும் நீடிக்கும்வரை, இத்தனை ஆண்டுகள் எங்கள் மண்ணில் வாழலாம் என்று ஒரு தாள் தருகிறது. ஆங்கிலத்தில் அது ரெசிடென்ஸ் பெர்மிட். தமிழில் வதிவிட அனுமதி.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். ‘செதேரெ’ என்றால் உட்கார்தல். ‘ரெ’ சேர்ந்து ஓரிடத்தில் அமர்ந்துவிடுதல் என்றானது. தமிழின் ‘இரு’வும் இப்படித்தான். யாழ்ப்பாணத்தில் வந்தவரை ‘இருங்கோ’ என்றால் உட்காரச் சொல்கிறோம், ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்றால் எந்த ஊரில் வாழ்கிறீர்கள் என்று கேட்கிறோம். எஸ்தோனிய மொழியில் இந்தத் தாளின் பெயர் ‘எலமிஸ்லுபா’, அதாவது வாழ்வதற்கான அனுமதி. எல்லாம் ஓரிடத்தில் இருப்பதைச் சொல்லும் சொற்கள். ஒரு நாட்டுக்கு உரியவராவது பற்றி இவற்றில் ஒரு துளியும் கிடையாது.

அந்தப் பொருளைச் சுமப்பது ‘குடி’. வீடு, குடும்பம், குலம், ஆளப்படும் மக்கள் என நான்கு பொருளிலும் பழந்தமிழில் அது வரும். திருக்குறளின் ‘குடிமை’ அதிகாரம் குலத்தைப் பேசுகிறது. ‘குடிதழீஇக் கோலோச்சும்’ என்ற குறளில் குடி என்பது அரசன் அணைத்துக் காக்க வேண்டிய மக்கள். இந்தக் கடைசிப் பொருளிலிருந்து பிறந்ததே இன்றைய குடியுரிமை.

ரெசிடென்ஸைக் ‘குடியுரிமை’ என்னும் மொழிபெயர்ப்புக்கு வக்காலத்து வாங்குவோர் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். குடி என்றால் வீடும்தானே, ‘குடியிருக்கும் உரிமை’ என்பதைச் சுருக்கினால் ‘குடியுரிமை’ ஆகாதா என்பார்கள். சொல்லைப் பிரித்து மட்டும் பார்த்தால் ஆகலாம். ஆனால் சொல் வழக்கில் நிலைத்த பிறகு, பிரித்துப் பொருள் சொல்லும் சலுகை நமக்கு இல்லை. 2019இல் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறிய குடியுரிமை திருத்தச் சட்டத்தை, யாருக்கு வாடகை வீடு கிடைக்கும் என்று சொல்லும் சட்டமாக ஒரு தமிழரும் புரிந்துகொள்ளவில்லை. அதே பத்திரிகை, அதே பக்கத்தில், அதே சொல்லை இன்னொரு பொருளில் அச்சிட்டால் படிப்பவர் என்ன செய்வார்?

‘பெர்மனென்ட் ரெசிடென்ஸ்’ என்பதற்கு வைக்கும் ‘நிரந்தரக் குடியுரிமை’ இன்னும் மோசம். குடியுரிமைக்குக் காலாவதித் தேதி கிடையாது. அதற்கு ‘நிரந்தர’ என்று அடைமொழி போட வேண்டி வருவதே, எடுத்த சொல் தவறு என்று காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்க கிரீன் கார்டைப் பாருங்கள். அதை வைத்திருப்பவர் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. குற்ற வழக்கில் சிக்கினால் நாடு கடத்தப்படலாம். மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அட்டை பயனற்றுப் போகலாம். பொதுவாக ஐந்தாண்டு அந்த நிலையில் இருந்த பிறகே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘குடியுரிமை பெற்றவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்’ என்று எழுத நேரும். அப்படி எழுதியும் இருக்கிறார்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது, பொருள் புரிந்தால் போதாதா என்பவர்களுக்கு இந்தியச் சட்டத்தைக் காட்டலாம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார்; கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். வதிவிட அனுமதியால் அப்படி எதுவும் நேராது. தலைப்பை நம்பி, ‘ஸ்பெயின் போனால் இந்தியப் பாஸ்போர்ட் போய்விடுமா?’ என்று அஞ்சி விலகுபவர் ஒருபுறம். ‘மூன்றே மாதத்தில் ஐரோப்பியக் குடியுரிமை’ என்ற விளம்பரத்தை நம்பி முகவரிடம் பணம் கட்டுபவர் மறுபுறம்.

ஸ்பெயின் உண்மையில் தருவது என்ன? புத்தொழில் நிறுவனங்களுக்கான 28/2022 எண் கொண்ட சட்டம், ‘பன்னாட்டுத் தொலைப்பணி’ என்ற வகையை உண்டாக்கியது. வெளியிலிருந்து தூதரகத்தில் விண்ணப்பித்தால் அதிகபட்சம் ஓராண்டு விசா. சட்டப்படி ஸ்பெயினுக்குள் இருக்கும்போதே விண்ணப்பித்தால் மூன்றாண்டு வரை வதிவிட அனுமதி. பிறகு ஈராண்டு ஈராண்டாகப் புதுப்பிக்கலாம். உள்நாட்டு விண்ணப்பத்துக்கு 20 வேலைநாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். வேலை தரும் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்க வேண்டும். அதனோடு உங்கள் தொடர்புக்கு மூன்று மாதமாவது ஆகியிருக்க வேண்டும். பட்டம் இல்லாவிட்டால் மூன்றாண்டு தொழில் அனுபவம் காட்டலாம். சுயதொழிலர் ஸ்பெயின் நிறுவனங்களுக்கும் வேலை செய்யலாம், மொத்த வேலையில் 20 விழுக்காட்டைத் தாண்டாமல். வருமானம் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தின் இருமடங்கு: 2025இல் 1,184 யூரோ வீதம் ஆண்டுக்கு 14 தவணை என்று அந்த ஊதியம் இருந்ததால், 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 2,763 யூரோ. உடன்வரும் முதல் உறுப்பினருக்கு அந்த ஊதியத்தில் 75 விழுக்காடும், அடுத்த ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடும் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே 14 தவணைக் கணக்கை மறந்து 1,184ஐ இரண்டால் பெருக்கி 2,368 என்று காட்டும் தமிழ் விளக்கங்களை நம்பினால், வருமானம் போதாதென்று விண்ணப்பம் திரும்பும்.

தடுக்கி விழும் இடங்கள் வேறும் உண்டு. ‘வீட்டிலிருந்து பணிபுரியலாம்’ என்று மட்டும் சொல்லும் நிறுவனக் கடிதம் பயன்படாது. ஸ்பெயினிலிருந்து பணிபுரியலாம் என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு முதலில், அது வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரை, அதன் பிறகே உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு. வரிசை மாறினால் முத்திரை மட்டும் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கும். மறுபடி காசு கட்ட வேண்டும். ஓய்வூதியம், மருத்துவம் முதலியவற்றுக்கான சமூகப் பாதுகாப்பு இன்னொரு பெரிய முட்டுக்கட்டை: இரு நாடுகளுக்கும் இடையே ஒப்பந்தம் இல்லையென்றால் சம்பளம் தரும் நிறுவனமே ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பில் பதிய வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் அதைக் கேட்டதும் பின்வாங்கிவிடும்.

இவ்வளவும் முடித்தவர் கையில் இருப்பது வதிவிட அனுமதி. ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்தால் நீண்டகால வதிவிடம். குடியுரிமைக்குப் பொது விதி பத்தாண்டு. மொழித் தேர்வு, அரசமைப்பும் பண்பாடும் பற்றிய தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். இந்தியராக இருந்தால் பழைய குடியுரிமையைத் துறப்பதாக அறிவிக்கவும் வேண்டும். முதல் நாள் வாங்கும் தாளையும் பத்தாண்டு கழித்துக் கிடைக்கக்கூடியதையும் ஒரே பெயரால் அழைப்பவர் மொழிபெயர்க்கவில்லை, கண்ணில் பட்ட சொல்லை ஒட்டிவிடுகிறார்.

தமிழர்கள் இந்தப் பிழையைச் செய்வதுதான் மனத்தை அறுக்கிறது. வதிவிடமும் குடியுரிமையும் வேறு வேறு என்பதை நம்மைப்போல் பட்டு அறிந்தவர்கள் குறைவு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் இலங்கையின் மலையகத் தமிழர் நாடற்றவராயினர். தலைமுறைகளாக அந்த மண்ணிலேதான் வாழ்ந்தார்கள். வதிவிடம் இருந்தது, குடியுரிமை இல்லை. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் தன் பெயரிலேயே இரண்டு சொல்லையும் அருகருகே வைத்திருந்தது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்ததை எண்பித்தால்தான் குடியுரிமை கேட்கலாம் என்றது. எண்பிக்கத் தாள் இல்லாமல் தள்ளப்பட்டவர்கள் ஏராளம். மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தமிழருக்கும் இது தெரியும். அது நிரந்தர வதிவாளர் அட்டை. குடிமக்களின் அட்டை நீலம். அந்தச் சிவப்பை நீலமாக்க ஆயுள் முழுக்க அலுவலகம் ஏறி இறங்கியவரிடம் போய், உங்களிடம் இருப்பதும் ‘நிரந்தரக் குடியுரிமை’தான் என்று சொல்ல முடியுமா?

விசாவுக்கும் வதிவிட அனுமதிக்கும் உள்ள வேறுபாடும் தமிழில் கரைந்துபோகிறது. விசா, ‘பார்க்கப்பட்டது’ என்ற பொருள்தரும் லத்தீன் சொல். நுழைவிசைவு என்ற ஆக்கம் நன்றாகவே இருக்கிறது. விசா என்றே எழுதினாலும் குறையில்லை. போர்ச்சுகலின் தொலைப்பணி வதிவிட விசா நான்கு மாதத்துக்கே செல்லும், அதற்குள் இருமுறை நுழையலாம். உள்ளே போய் ‘ஐமா’ என்ற குடிவரவு முகமையிடம் கைரேகை கொடுத்த பிறகே ஈராண்டு வதிவிட அனுமதி. விசா கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர் இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்கிறார். ஸ்பெயினில் நிலைமை வேறு: அந்த ஓராண்டுத் தொலைப்பணி விசாவே அந்தக் காலத்துக்கு வதிவிட அனுமதியாகவும் நிற்கும். எஸ்தோனியா 2020 ஆகஸ்டில் தொடங்கியதோ விசா மட்டும்தான், ஓராண்டோடு சரி.

அதே எஸ்தோனியா 2014 முதல் ‘இ-ரெசிடென்சி’ என்ற ஒன்றையும் தருகிறது. அதை ‘மின்-குடியுரிமை’ என்று மொழிபெயர்ப்பது இரட்டைப் பிழை. அந்த அட்டையால் இணையவழி நிறுவனம் பதியலாம், ஆவணத்தில் மின்கையொப்பம் இடலாம். எஸ்தோனியாவுக்குள் நுழையக்கூட அது உதவாது. அங்கே குடியுரிமையும் இல்லை, வதிவிடமும் இல்லை. ஆங்கிலப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது. ‘எஸ்தோனிய மின்-அடையாளம்’ என்றால் உள்ளது விளங்கும். நம் பக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையின் ஆங்கிலப் பெயரில் ‘சிட்டிசன்’ இருந்தாலும் அது குடியுரிமை தருவதில்லை, வாக்குரிமையும் இல்லை. அதைப் பெற்றவரை ‘இரட்டைக் குடியுரிமை கொண்டவர்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும்.

‘டிஜிட்டல் நாடோடி’ பற்றியும் ஒரு சொல். ஊர் ஊராகப் போய் மாதம் ஒரு நகரில் வேலை செய்பவரை அப்படி அழைத்தால் ஒப்பலாம். வதிவிட அனுமதி பெறுபவர் வாடகை ஒப்பந்தம் போடுகிறார், நகராட்சியில் முகவரி பதிகிறார், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிறார். ஸ்பானியச் சட்டமும் அவரைப் பன்னாட்டுத் தொலைப்பணியாளர் என்றே சொல்கிறது. அனுமதிக்குச் சட்டம் வைக்காத ‘நாடோடி’ப் பெயரை நாம் ஏன் இழுத்துவர வேண்டும்? தொலைப்பணியாளர் என்பது தெளிவான, அழகான தமிழ்.

இனி வதிவிட அனுமதிக்குப் போட்டியாக வரும் நல்ல சொற்கள். ‘குடியிருப்பு அனுமதி’ பொருளில் தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டில் குடியிருப்பு என்றதும் அடுக்குமாடிக் கட்டடம் நினைவுக்கு வரும், அனுமதி என்றதும் கட்டட வரைபட ஒப்புதல். ‘இருப்பிடம்’ வட்டாட்சியர் தரும் இருப்பிடச் சான்றிதழுக்கு உரியதாகிவிட்டது. அது வாழ்வதை உறுதிசெய்யும் தாள், வாழ விடும் தாள் அல்ல. ‘தங்கல் அனுமதி’ சில நாள் இருந்துவிட்டுப் போவதைச் சொல்லும். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஷெங்கன் பகுதிக்கு 180 நாளில் 90 நாள் என்ற குறுகிய வருகைக்கு அதை ஒதுக்கினால் பொருத்தம். சிங்கப்பூரின் ‘நிரந்தரவாசி’ குழப்பமற்ற சொல், குடியுரிமையோடு ஒருநாளும் கலக்காதது. தற்காலிக நிலையைச் சொல்லத்தான் அது வளையாது.

தனித்தமிழ் அன்பர்கள் ‘உறைவிட இசைவு’ என்பார்கள். வதி வடமொழி வழி வந்தது, அனுமதியோ அப்பட்டமான வடசொல் என்பது அவர்கள் மறுப்பு. பறவைகள் கிளையில் வதிவது சங்கப் பாட்டிலேயே வருகிறது. ஈராயிரம் ஆண்டு நம்மோடு வதிந்த சொல்லை வெளியேற்ற எனக்கு மனமில்லை. உறைவிடமோ தமிழ்நாட்டு வழக்கில் உண்டு உறைவிடப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும்விட, இலங்கையில் குடிவரவுத் திணைக்களம் முதல் கிராம அலுவலர்வரை ‘வதிவிடம்’ புழங்கும் சொல். அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களோடு ஐரோப்பாவுக்கும் போயிருக்கிறது. வளைகுடாவில் வதிவிட அனுமதியை ‘இகாமா’ என்று அரபுச் சொல்லாலேயே பழகிய தமிழ்நாட்டார், அக்கரையில் தம் மொழியிலேயே ஆயத்தமாக இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்ள என்ன தடை? அனுமதியைப் பெறுபவர் வதிவாளர். காலம் குறித்தால் தற்காலிக வதிவிடம், குறிக்காவிட்டால் நிரந்தர வதிவிடம்.

மூன்றாண்டு அனுமதி பெற்றவர் ஒரு மாதத்துக்குள் ஸ்பெயினில் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்குக் கைரேகை கொடுக்க வேண்டும். அந்த அட்டையில் இரண்டும் தனித்தனி வரி: அனுமதியின் வகை ஓரிடத்தில், குடியுரிமை என்ற இடத்தில் இந்தியாவின் குறியீடு.