சுவரில் வரைந்து தரும் காதல் பரிசு: ஆர்டர் கொடுக்கும் முன்

பொங்கல் முடிந்த கையோடு இந்த விசாரிப்புகள் ஆரம்பித்துவிடும். "அண்ணே, செவுத்துல ஆள் முகம் வரைவீங்களா? பேரும் போடணும். பிப்ரவரி பதினாலுக்குள்ள முடிஞ்சிடணும்." பள்ளிக்கூடச் சுவர், கடை போர்டு, படகுப் பெயர் என்று ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் ஊருக்கும் கீழக்கரைக்கும் இடையே பிரஷ் பிடித்துப் பிழைப்பவன் நான். இதுவும் வருமானம்தான், வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தைத் தினமும் கடந்துபோகப் போகிறவர் யார் என்பதை ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் யோசித்திருப்பதில்லை.

காதலைச் சுவரில் எழுதுவது நம் ஊர்ப் பையன்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1967-ல் கார்ன்பிரெட் என்ற பட்டப்பெயர் கொண்ட பையன் ஒருவன், தான் சிந்தியா என்ற பெண்ணைக் காதலிப்பதாக ஊர்ச் சுவர்களில் எழுதித் தள்ளினான். சுவரில் பெயர் எழுதும் இன்றைய கிராஃபிட்டிக் கலையே அவனிடமிருந்துதான் தொடங்கியது என்பவர்கள் உண்டு. அதே ஊரில் 2009-ல் ஸ்டீபன் பவர்ஸ் என்ற ஓவியர், உயரத்தில் ஓடும் ரயிலில் போகிறவர்கள் கண்ணில் படும்படி ஐம்பது சுவர்களில் ஒரு காதல் கடிதத்தையே வரைந்தார். பையன் யாரையும் கேட்கவில்லை. பவர்ஸ் அந்த நகரின் சுவரோவியத் திட்டத்தோடு சேர்ந்து முறைப்படி செய்தார். அவருடைய வரிகளைப் படிக்கும் யாரும் தனக்கு எழுதியதாகவே நினைத்துக்கொள்ளலாம். சிந்தியாவின் பெயரோ சுவரிலேயே இருந்தது, வேறு யாருக்கோ என்று விலகிக்கொள்ளும் வசதி அவளுக்குக் கிடையாது.

துபாயில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் மனைவியின் போட்டோவை அனுப்பினார். கீழக்கரை வீட்டின் காம்பவுண்டு சுவரில், தெருவைப் பார்த்த பக்கம், ஆளுயரத்துக்கு அந்த முகம் வேண்டுமாம். கல்யாண நாள் சர்ப்ரைஸ். "அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா தம்பி?" என்றேன். "கேட்டா அது எப்படிண்ணே சர்ப்ரைஸ்?" என்றார். அப்புறம்தான் தெரிந்தது, வீடும் அவருடையதல்ல. கீழக்கரையில் பல குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். ஆக, மாமியார் வீட்டுச் சுவரில், மாமியாரைக் கேட்காமல், அவர் மகளின் முகம். அந்தத் தெருவில் காலையில் மீன் வாங்க நிற்பவர் முதல் இரவுத் தொழுகைக்குப் போகிறவர் வரை எல்லோரும் பார்ப்பார்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று வேலையை நிறுத்தி வைத்தேன். சில நாள் கழித்து அவர் மனைவியே பேசினார். "முகமெல்லாம் வேண்டாண்ணே. உள்ள மாடிப்படி ஏறுற செவுத்துல ரெண்டு பிளமிங்கோ போட்டுக் குடுங்க." கல்யாணமான புதிதில் இருவரும் தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தார்களாம். விருந்தாளிகளுக்கு அது வெறும் பறவைப் படம்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வரைந்தால் அது விளம்பரம். பரிசு என்றால் வாங்குபவருக்கு அது பிடிக்க வேண்டும். ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் போய்ப் பாருங்கள், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்தவை. போர்க் காட்சியும் வெளிநாட்டார் வந்து பார்க்கும் காட்சியும் எல்லோரும் கூடும் மண்டபத்தில் இருக்கின்றன. சேதுபதி மன்னர் பெண்களோடு பொழுது போக்கும் படங்கள் மாடி அறையில். மன்னரே காதலை மாடியில்தான் வைத்துக்கொண்டார்.

கல்யாணம் ஆகாத பெண்ணின் பெயரோ முகமோ என்றால், அந்தப் பெண்ணே என்னிடம் சரி என்று சொல்லும்வரை நான் பெயின்ட் டப்பாவைத் திறப்பதில்லை. பஸ் ஸ்டாப் சுவரில் பெயர் வந்தால் பையனுக்கு அது பெருமை. பெண்ணுக்கு வீட்டில் விசாரணை, சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும். ஒருதலைக் காதல் என்றால் அதை நான் காதல் என்றே சொல்ல மாட்டேன், தொந்தரவு. பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998-லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

அடுத்தது, சுவர் யாருடையது? பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே இங்கே சட்டம் போட்டிருக்கிறார்கள். பாம்பன் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர், அரசு அலுவலக மதில் எல்லாம் இதில் சேர்த்தி. தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது, வாடகை வீட்டில் நிச்சயமாகப் போதாது.

தனுஷ்கோடிக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் போட்டோ ஷூட்டுக்காக, இடிந்த சர்ச் சுவரில் ஸ்ப்ரே கேனால் இரண்டு பெயரும் ஒரு ஹார்ட்டும் அடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரு ஊரே போன இடம் அது. அந்த இரவில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் ராமேஸ்வரத்தில் இருக்கின்றன. எவ்வளவு கொடுத்தாலும் நான் வர மாட்டேன்.

இனி சுவர். நம் கடற்கரையில் பெயின்டுக்கு எமன் வெயிலைவிட உப்புதான். கிணற்றுத் தண்ணீரில் உப்பு, சில இடங்களில் பூச்சு மணலிலும் உப்பு, காற்றிலும் உப்பு. சுவருக்குள் ஈரம் இருந்தால் அது உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். ஈரம் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும், பெயின்ட் பொரிந்து உதிரும். எவ்வளவு அழகான முகமாக இருந்தாலும் முதலில் கன்னம் உரிந்து வரும்; அதைப் பார்க்கிற மனைவிக்கு எப்படி இருக்கும்?

இதைக் கண்டுபிடிக்கச் செலவே இல்லை. ஒரு முழம் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி எடுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் குறைந்தது 28 நாள் காய வேண்டும். இல்லாவிட்டால் சிமென்டில் இருக்கும் காரம் (அல்கலி) நிறத்தைத் தின்றுவிடும். அதன் பிறகு காரம் தாங்கும் பிரைமர், மேலே வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷன். பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் மட்டும் எமல்ஷன் வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், எமல்ஷன் வழியை அடைத்துவிடும். அங்கே சுண்ணாம்பில் நிறம் கலந்து அடிப்பதுதான் சரி.

நிறத்திலும் ஒரு வேடிக்கை. காதல் படம் என்றதும் எல்லோரும் கேட்பது பளீர் ரோஸ், ஃப்ளோரசன்ட் சிவப்பு. வெயிலில் முதலில் வெளுப்பவை அவைதான். இரும்பு ஆக்சைடில் வரும் காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, கறுப்பு இவை நிற்கும். நல்ல கம்பெனி நீலமும் பச்சையும் தாக்குப்பிடிக்கும். தெருப்பக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, சூளையில் சுட்ட டைலில் எழுதி வாங்கிப் பதிக்கச் சொல்வேன். பாரிஸின் மோன்மார்த்தரில் 2000-ல் திறந்த காதல் சுவர் அப்படித்தான். 612 எனாமல் ஓடுகள், அதில் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று 250 மொழிகளில்.

தேதி விஷயத்தில்தான் வாடிக்கையாளர்களோடு எனக்குச் சண்டையே. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழை. ஜனவரியிலும் சுவருக்குள் ஈரம் கிடக்கும். பிப்ரவரி 14 நம் சுவர்களுக்கு ஏற்ற நாளே இல்லை. அன்றைக்குப் படத்தின் ஸ்கெட்சைக் காகிதத்தில் தருகிறேன், கையில் கொடுத்து 'இது பிடிச்சிருக்கா?' என்று கேட்டுவிடுங்கள். மாற்றம் இருந்தால் அப்போதே சொல்லிவிடலாம். மாசி கடைசியில் சுவர் வேலையைத் தொடங்கலாம். அதையும் ஏப்ரல் 15-க்கு முன்பே முடித்தாக வேண்டும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையேறி மராமத்துக்கு நிற்கும். மனைவி பெயரைப் படகில் புதுப்பிக்கச் சொல்லி வருகிறவர்களுக்கே எனக்கு நேரம் போதாது.