வெட்டிய கிளைக்கு வேர் எங்கிருந்து வருகிறது?

செம்பருத்திக் கிளையை வெட்டி ஈர மண்ணில் செருகினால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும். ஒற்றைக் குச்சியாய் உயரும் செடியின் கொழுந்தைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். செடி வளர்ப்பவர்களுக்குக் கை பழகிய இந்த இரண்டு வேலைகளையும் ஒரே ஹார்மோன்தான் இணைக்கிறது. அதன் பெயர் ஆக்சின்.

ஆக்சின் பெரும்பாலும் கொழுந்திலும் இளம் இலைகளிலும் உருவாகித் தண்டு வழியே மணிக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வேகத்தில் இறங்குகிறது. புவியீர்ப்பு இழுத்து இறங்குவதில்லை. ஆக்சினை வெளியே தள்ளும் புரதங்கள் ஒவ்வொரு செல்லிலும் அடிப்பக்கமாகவே அமைந்திருக்கின்றன. ஒன்று தள்ளியதை அடுத்தது வாங்கி, அதுவும் அடிப்பக்கமே தள்ளும். அதனால்தான் குச்சியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வேர் பழைய அடிமுனையில்தான் வர முனையும்.

சரி, கிளையை வெட்டினால்? மேலிருந்து வரும் ஆக்சின் போக வழியின்றி வெட்டுவாயில் தேங்குகிறது. காயமும் சேர்ந்து தூண்ட, நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களை ஒட்டிய செல்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. உற்றுப் பார்த்தால் வெட்டுவாயில் வெளிறிய தடிப்பு தெரியும். அப்புறம் பட்டையைக் கிழித்துக்கொண்டு வெள்ளை முனைகள் எட்டிப் பார்க்கும். அவைதான் வேர்கள். வேரே இல்லாத இடத்தில் வேர் முளைக்கும் அந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அதுவரை போத்துக்கு, அதாவது வெட்டி நட்ட கிளைக்கு, தண்ணீர் உறிஞ்ச வேர் கிடையாது, இலைகளோ நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால் இலைகளைக் குறைத்து, மேலே மூடி வைத்து, காற்றில் ஈரம் காக்க வேண்டும். வேர் வந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பது கூடவே கூடாது.

இப்படி வளர்வது தாய்ச்செடியின் நகல். ஆண், பெண் செடிகள் பொதுவாகத் தனித்தனியாக இருக்கும் கஞ்சா போன்ற இனங்களில், பெண் செடியின் போத்து பெண்ணாகவே வளரும்.

இனி கொழுந்துக்கு வருவோம். 1930களில் திமான், ஸ்கூக் என்ற இரு ஆய்வாளர்கள் அவரை வகைச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, அந்த இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். பக்க மொட்டுகள் விழிக்கவில்லை. நுனி இருப்பதாகவே செடி நடந்துகொண்டது! ஆனால் ஆக்சின் மொட்டுக்குள் நேராகப் போவதில்லை. ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் மொட்டுகளை அடக்குவது 2008இல் தெரிந்தது. அதன் உற்பத்தியை ஆக்சின் கூட்டுகிறது.

2014இல் பட்டாணிச் செடியில் இன்னொன்று வெளிப்பட்டது. நுனியை வெட்டியதும், கீழே தொலைவில் உள்ள மொட்டைச் சுற்றி ஆக்சின் குறைவதற்கு முன்பே மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது. முந்திக்கொண்டு வருவது சர்க்கரை. நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை சில மணி நேரத்திலேயே பக்க மொட்டுகளுக்குத் திரும்பிவிடுகிறது.

கிள்ள மனம் வரவில்லையென்றால் தண்டை மெதுவாக வளைத்துப் படுக்கக் கட்டலாம். நுனியின் பிடி தளர்ந்து, தண்டின் மேல்பக்க மொட்டுகள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கும்.